இருபத்தோரு வருசத்து முடி

எங்க ஊர்ல முதல்ல நின்னுபோனது முடிதான். வயசு நின்னது அதுக்குப் பிறகு மெல்லத்தான் தெரிஞ்சது. ரெண்டையும் முதல்ல கண்டுபிடிச்சவன் நான். அதுக்காக எவனும் எனக்குச் சால்வை போடல. சரி, அது கிடக்கட்டும்.

என் பேரு பிச்சைமணி. பருத்திக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல, செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவுல மின்னல் சலூன்னு ஒண்ணு இருக்கே, அது என்னோடதுதான். ரெண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, தினமும் ஒரு பேப்பர். மில்லு மூடின வருசம் எனக்கு முப்பது வயசு. மூணு ஷிப்டு ஓடின நூல் மில்லை ஒரு சித்திரை மாசத்துல, கேட்டுல ஒரு நோட்டீசை ஒட்டிட்டு மூடிக்கிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்த ஆம்பளைங்க தலையில ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாம உட்கார்ந்தவங்கதான், அதுக்குப் பிறகு சரியா எந்திரிக்கவே இல்ல. அவங்க வீட்டுப் பிள்ளைங்க, காலையில சாப்பாட்டைக் கட்டிக்கிட்டுப் பஸ்ல தொங்கிக்கிட்டே போய் பி.ஏ.வும் பி.காமும் முடிச்ச பிள்ளைங்க, அந்த ஆடி மாசம் எங்க ஊருக்குப் புதுசா வந்த வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பேரு பதியப் போனாங்க.

ஒரு பழைய பருத்தி வியாபாரி வீட்டை வாடகைக்குப் பிடிச்சு ஆபீஸ் போட்டிருந்தாங்க. உள்ள போனா இன்னும் பருத்திக்கொட்டை வாசம் அடிக்கும். முதல் நாள் அறுநூறு பேரு. வரிசை ஆபீஸ் வாசல்ல தொடங்கி, பஸ் ஸ்டாண்டைச் சுத்தி, என் கடையையும் தாண்டிப் போச்சு. கவர்மெண்டு முன்னால போய் நிக்கிறவன் தலை சீரா இருக்க வேண்டாமா? அதுக்கு முந்தின நாலு நாளும் என் கத்திரி ஓயல, மச்சினனையும் கூப்பிட்டு ரெண்டாவது நாற்காலியில நிக்க வெச்சு, ரெண்டு பேரும் சோறு தண்ணி இல்லாம வெட்டித் தள்ளினோம். அந்த நாலு நாள் யாவாரத்துல என் வீட்டுக்காரி கோமுவுக்கு ஒரு கம்மல் வாங்கினேன். அதோட முடிஞ்சது என் கதைன்னு எனக்கு யாரு சொன்னா?

எட்டு வாரம் ஆச்சு, பதிஞ்ச பிள்ளைங்கள்ல ஒருத்தனும் முடிவெட்ட வரல. வந்தாங்க, உட்கார்ந்தாங்க, பேப்பர் படிச்சாங்க, போனாங்க. செண்பகராஜ்னு ஒரு பையன், மில்லுல பிட்டரா இருந்த கந்தையா மகன், தினமும் காலையில ஏழு மணிக்கு வந்து பேப்பர்ல ‘வேலை காலி’ பக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் பெஞ்சு ஓரத்துல உட்காருவான். ஒரு நாள் அவன் பிடரியைப் பார்த்தேன். நான் போட்ட கோடு அப்படியே இருந்துச்சு. கிட்டப் போய்ச் சீப்பை வெச்சுப் பார்த்தேன், ஒரு நெல்லு அளவுகூட வளரல. “தம்பி, கையைக் காட்டு”ன்னேன். நகமும் வளரல. பக்கத்துல இருந்தவனைப் பார்த்தேன், அவனுக்கும் வளரல. ஆபீஸ்ல எவனெவன் கார்டுல முத்திரை விழுந்துச்சோ, அவன் அத்தனை பேருக்கும் அந்த ஆடி மாசத்தோட உடம்பு நின்னுபோச்சு.

நீங்க நினைப்பீங்க, ஊரே அலறி அடிச்சு ஓடியிருக்கும்னு. ஒண்ணும் ஓடல. பெரியாஸ்பத்திரி டாக்டர் நாடி பார்த்துட்டு, நல்லாத்தானே இருக்கான், எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னு திட்டினாரு. ஜோசியர் மட்டும் கொஞ்ச நாள் தலையில கை வெச்சிருந்தாரு, இவனுகளுக்குத் தசை நகரவே மாட்டேங்குதுன்னு. தாய்மாருங்க கூடிக்கூடிப் பேசி, வேலை கிடைச்சா எல்லாம் சரியாப் போகும்னு ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. அது ஒண்ணும் புதுசில்லையே. எங்க ஊர்ல பல்லு வலிச்சாலும், கூரை ஒழுகினாலும், பொண்ணு அமையலைன்னாலும் சொல்ற மருந்து அதுதான். நிசமாவே மறு வருசம் ஒருத்தனுக்குத் தாலுகா ஆபீஸ்ல வேலைன்னு ஆர்டர் வந்துச்சு. வந்த பத்தாம் நாள் அவனுக்குக் காது மேல முடி இறங்கி, என் நாற்காலியில வந்து உட்கார்ந்தான். ஊரே கடை வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்துச்சு. வெட்டி விழுந்த முடியை அவன் அம்மா முந்தியில முடிஞ்சு எடுத்துட்டுப் போயிட்டா.

அப்படி முடி வளர்ந்தவன், இருபத்தோரு வருசத்துல, மொத்தம் நாலே பேரு.

மத்தவங்க அப்படியே இருந்தாங்க. அப்பன்மாருக்கு நரைச்சது, கூன் விழுந்தது, ஒவ்வொருத்தரா போய்ச் சேர்ந்தாங்க. பிள்ளைங்க இருபத்திரண்டு வயசுலயே நின்னுக்கிட்டு ஒவ்வொரு பாடையாத் தூக்கினாங்க. எங்க ஊர்ல பாடை தூக்க மட்டும் ஆளுக்குப் பஞ்சமே வந்ததில்ல. வருசா வருசம் ஜில்லா கிரிக்கெட்டுக் கோப்பை எங்க ஊருக்குத்தான், இருபத்தஞ்சு வயசுக்கு உட்பட்டோர்னு போட்டிருப்பான், எங்க ஆளுங்க இருபது வருசப் பழக்கத்தோட போய் இறங்குவாங்க. கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்தம் இல்லாம, தீப்பெட்டிக் குச்சி மூட்டை அடுக்குற கிட்டங்கியா ஆயிப்போச்சு. பொண்ணைப் பெத்தவன் எவனும் எங்க ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கல, வயசு கூடாத மாப்பிள்ளை இனிக்கத்தான் செய்யும், வேலையும் கூடலையே? துணிஞ்சு கட்டின ஒண்ணு ரெண்டு பேரு பெத்த பிள்ளைங்க வளர்ந்து, அப்பனுக்குச் சமமா நின்னு, அதே ஆபீசுக்குப் பதியப் போனாங்க. அங்க இருந்த கிளார்க்கு, “அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வரிசையில வாங்கப்பா”ன்னாராம்.

சர்ட்டிபிகேட்டுல மட்டும் வயசு ஏறிக்கிட்டே இருந்துச்சு. அது காகிதம், அதுக்கென்ன.

இதுல ஒரு கண்டிசன் உண்டு. மூணு வருசத்துக்கு ஒரு தடவை கார்டைப் புதுப்பிக்கணும். யாரு வேணும்னாலும் கொண்டுபோய்க் குடுக்கலாம், முத்திரை விழணும், அவ்வளவுதான். நல்லபெருமாள்னு ஒருத்தன் கேரளாவுல ரோடு போடப் போன இடத்துல தேதியை மறந்துட்டான். பன்னிரண்டு வருசம் ஒரே நேரத்துல வந்து இறங்கிருச்சு. ஊருக்கு வந்து கதவைத் தட்டினவனை அவனைப் பெத்தவளே, “யாரு தம்பி நீங்க?”ன்னு கேட்டா. அவன் வயசுக்கு ஊர்ல ஒருத்தரும் அழல. பன்னிரண்டு வருச சீனியாரிட்டி போச்சே, நூத்தி நாப்பதாம் நம்பரா இருந்தவன் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குப் போயிட்டானேன்னுதான் ஒப்பாரி வெச்சாங்க. அதுல இருந்து புதுப்பிக்கிற ஆடி மாசம்னா எங்க ஊருக்குக் கோயில் கொடைத் திருவிழா மாதிரி ஆயிப்போச்சு. கார்டுக்கு மஞ்சள் தடவி, பொட்டு வெச்சு, சாமி படத்துக்குப் பின்னால இருந்து எடுத்து, புளிசாதம் கட்டிக்கிட்டுப் போய் வரிசையில உட்கார்ந்திருவாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வாரேன். செண்பகராஜ் நம்பர் நானூத்திப் பதினெட்டு. அவனுக்கு முந்தின நம்பர், நானூத்திப் பதினேழு, தங்கபுஷ்பம்.

ரெண்டு பேரும் ஒரே காலேஜு, ஒரே பஸ்ஸு. புஷ்பத்தோட அப்பாவும் மில்லுதான், கோன் சுத்துற பிரிவு. பதியுற அன்னைக்கு ரெண்டு பேரும் முன்னும் பின்னுமா வரிசையில நின்னு, யாருக்கு முதல்ல ஆர்டர் வந்தாலும் அந்த மாசமே கல்யாணம்னு பேசி முடிச்சிட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, வரிசை என் கடை வாசல்ல நின்னப்ப எனக்குக் காது இருந்துச்சு.

மில்லு மூடி ரெண்டு வருசத்துல புஷ்பத்தோட அப்பா படுத்துட்டாரு. வீட்டுல அடுப்பு எரியணுமே. ஆர்டர் வரட்டும்னு அவ காத்திருக்கல, விடியக்காலம் அஞ்சு மணிக்கு மில் கேட்டுப் பக்கம் வர்ற கம்பெனி பஸ்ல ஏறி, தீப்பெட்டி ஆபீசுக்கு, கட்டையில குச்சி அடுக்குற வேலைக்குப் போயிட்டா. என் வீட்டுக்காரி கோமுவும் அதே பஸ்லதான், அதே பட்டறையிலதான். ஏன்னு கேட்காதீங்க, புருசன் சலூன்ல முடி விழல. முதல் தடவை கார்டு புதுப்பிக்கிற நாள் வந்தப்ப, லீவு போட்டா வேலைக்கு வேற ஆளைப் போட்டுருவேன்னுட்டான் சூப்பர்வைசர். அவ போகல, அவ கார்டையும் சேர்த்து வாங்கிட்டுப் போகணும்னு செண்பகராஜுக்கும் தோணல. அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ல வரும்போது, கோமுவுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவளுக்கு மூணு வருசம் வந்து இறங்குச்சாம். “ஒண்ணுமில்ல மதினி, கண்ணுக்குக் கீழ லேசாக் கனமா இருக்கு”ன்னு சொன்னாளாம், சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாளாம். அதுல இருந்து நம்மளைப் போல அவளுக்கும் நாளுக்கு நாள் வயசாக ஆரம்பிச்சது.

அதுக்கு மறு வருசம் அவளே அவன்கிட்ட வந்து கேட்டா. என் கடை வாசல்லதான்.

“எனக்குத்தான் வேலை இருக்கேப்பா. ரெண்டு பேரு சாப்பிடலாம். கட்டிக்கிடுவோம்.”

அவன் பேப்பரை மடிச்சான். “உத்தியோகம் புருஷ லட்சணம்னு சொல்லுவாங்க புஷ்பம். நீ குச்சி அடுக்கி நான் சாப்பிடவா? ஆர்டர் வரட்டும். வந்துரும்.”

“வரலைன்னா?”

“வந்துரும்.”

அப்ப நானும் ஆமாமான்னேன். கால் காசுன்னாலும் கவர்மெண்டுக் காசு, பொறுத்ததுதான் பொறுத்தோம்னு பெரிய மனுசனாட்டம் சொன்னேன். சொன்ன வாயில மண்ணு போட.

அவ ஒன்பது வருசம் வரைக்கும் கேட்டா, பிறகு கேட்கிறதை விட்டுட்டா. ஆனா ஒண்ணை மட்டும் விடல. முதல் தடவை அவன் கார்டை அவனே போய்ப் புதுப்பிச்சான். அடுத்த தடவை அவனுக்கு வரிசையில நிக்க வெக்கமாப் போச்சு, கூடப் படிச்சவன் ஒருத்தன் உள்ள ஆபீசரா உட்கார்ந்திருந்தான். அவங்க அம்மா புஷ்பத்தைக் கூப்பிட்டு, “தாயி, நீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வா, உன் கை ராசியான கை”ன்னா. சூப்பர்வைசர் காலைப் பிடிச்சு ஒரு நாள் லீவு வாங்கி, அவ போய் நின்னா. அதுக்கு மூணு வருசம் கழிச்சும் நின்னா. அவன் அம்மா செத்த பிறகும் நின்னா. தன் கார்டு போனவ, அடுத்தவன் கார்டைப் பொத்திப் பொத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டுபோய், அவன் இருபத்திரண்டு வயசை மூணு மூணு வருசமா நீட்டிக்கிட்டே வந்தா. அவளுக்கு முப்பது ஆச்சு, முப்பத்தாறு ஆச்சு, விரல்ல குச்சி கீறின தழும்பு ஏறுச்சு, முன்நெத்தியில நரை விழுந்துச்சு. அவன் என் பெஞ்சு ஓரத்துல, நான் போட்ட பிடரிக் கோட்டோட, பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தான். சாயங்காலம் ஆறரைக்குக் கம்பெனி பஸ்ல இருந்து அவ இறங்கும்போது, மில் கேட்டுக்கு எதிர்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்ப்பான், அவளும் பார்ப்பா, பேச்சு வார்த்தை அவ்வளவுதான். புதுசாப் பார்க்கிறவன் அக்கா தம்பின்னு நினைப்பான். பிறகு பிறகு அப்படியும் நினைக்கல.

போன ஆடியில இன்டர்வியூவுக்குக் கூப்பிடுற சீனியாரிட்டி லிஸ்டு நானூத்தி ஒன்பது வரைக்கும் வந்துருச்சுன்னு ஊர்ல ஒரு பேச்சு கிளம்புச்சு. இன்னும் ஒன்பது நம்பர்! ஊரே செண்பகராஜைத் திரும்பிப் பார்த்துச்சு. நாலு பேரு அவன் பக்கத்துல வந்து உட்கார்ந்து, மாப்பிள்ளை, இந்தத் தடவை மட்டும் கார்டை விட்டுராதேன்னு தோளைத் தட்டினாங்க. புதுப்பிக்கக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே புஷ்பம் லீவு போட்டுப் போய் வரிசையில நின்னா. ரேசன் கார்டு ஜெராக்ஸ் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு அங்க நடந்த இன்னொண்ணை மறுநாள் பஸ்ல கோமுகிட்ட சொல்லியிருக்கா. கோமு என்கிட்ட சொன்னா. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? வியாழக்கிழமை காலையில, பேப்பரை மடிச்சுக்கிட்டிருந்த அந்தப் பையன்கிட்ட நான் அதை உளறிட்டேன்.

“தம்பி, கவுண்டர்ல புதுப் பொண்ணு ஒண்ணு வந்திருக்காம். புஷ்பத்தைப் பார்த்து, ‘மகனுக்கா?’ன்னு கேட்டுச்சாம்.”

“புஷ்பம் என்ன சொன்னா?”

அப்பவாவது நான் வாயை மூடியிருக்கலாம். “ஆமான்னு சொன்னாளாம்.”

அவன் எந்திரிச்சுக் கண்ணாடி முன்னால போய் நின்னான். இருபத்தோரு வருசமா அந்தக் கண்ணாடியில அவன் முகத்தை நான் பார்க்கிறேன், ஒரு நாளும் அப்படி இருந்ததில்ல. அழுதான்னு சொல்ல முடியாது. பேப்பரைக்கூட எடுக்காமப் போயிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் கார்டை வாங்க அவன் வீட்டுக்குப் போயிருக்கா புஷ்பம். “நீ லீவு போட வேண்டாம், நாளைக்கு நானே போறேன்”னு சொல்லியிருக்கான். அவளுக்கு ஒரே சந்தோசம். “இப்பவாவது புத்தி வந்துச்சே”ன்னு சொல்லிட்டு, ஜெராக்சை அவன் கையில குடுத்து, பத்திரம் பத்திரம்னு மூணு தடவை சொல்லிட்டுப் போனாளாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணி. ஆடிக் காத்து கடைக்குள்ள மண்ணை அள்ளிப் போடுது. செண்பகராஜ் வந்தான். வெள்ளைச் சட்டை, பையில கார்டு, பிளாஸ்டிக் கவரோட. நேரா வந்து பெஞ்சுல உட்காராம, நாற்காலியில உட்கார்ந்தான்.

“என்ன தம்பி, ஆபீசுக்குப் போயிட்டு வந்துட்டியா?”

“இல்ல அண்ணாச்சி. முடி வெட்டணும்.”

“உனக்கு ஏதுப்பா முடி?”

“வரும். உட்கார்ந்திருக்கேன்.”

“கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? இன்னும் ஒன்பது நம்பர்ப்பா! இருபத்தோரு வருசம்! ஓடு, அஞ்சே முக்காலுக்குத்தான் மூடுவான்.” அவன் அசையல. நான் கெஞ்சினேன், திட்டினேன், உங்கம்மா ஆவி என்னைச் சும்மா விடாதுன்னேன். ஆபீசு இருநூறு அடி தூரந்தான். நாலே முக்கால் ஆச்சு, அஞ்சு ஆச்சு. அஞ்சே காலுக்கு நான் அவன் பையில இருந்து கார்டைப் பிடுங்கிட்டேன். அவன் தடுக்கல.

“போங்க அண்ணாச்சி. யாரு குடுத்தாலும் வாங்கிக்கிடுவாங்க. அந்தப் பொண்ணு கேட்கும், மகனுக்கான்னு. நீங்களும் ஆமான்னு சொல்லிருங்க. மூணு வருசம் கழிச்சுப் பேரனுக்கான்னு கேட்கும். அதுக்கும் ஆமான்னு சொல்ல புஷ்பம் வருவா. எனக்குத் தெரியும், அவ வருவா.”

நான் வாசல் வரைக்கும் போனேன். ரோட்டுல வெயில் சாய்ஞ்சிருந்துச்சு. ஆபீஸ் வாசல்ல கடைசியா நாலஞ்சு பேரு அவசர அவசரமா உள்ள போய்க்கிட்டிருந்தாங்க. கால் எடுத்து வெக்க மனசு வரல. திரும்பி வந்து கார்டைக் கண்ணாடிக்குக் கீழ வெச்சுட்டு, வெள்ளைத் துணியை உதறி அவன் கழுத்துல கட்டினேன்.

அஞ்சே முக்காலுக்கு ஆபீஸ் கதவை இழுத்துப் பூட்டுற சத்தம் என் கடை வரைக்கும் கேட்டுச்சு.

முதல்ல நான் போட்ட பிடரிக் கோடு கலைஞ்சது. பிறகு காது மறைஞ்சது. பிறகு நான் கத்திரியை எடுக்குறதுக்குள்ள தோள்ல இறங்கி, துணி மேல வழிஞ்சு, நாற்காலிக் கையில தொங்கி, தரையைத் தொட்டு, சுருண்டு, நெளிஞ்சு, வாசப்படி தாண்டி, செருப்புக் கடைக்காரன் காலைச் சுத்திக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போச்சு, மதுரை பஸ்சு டிரைவர் ஆரனை அடிச்சுப் பார்த்துட்டு, பிறகு எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி நின்னு பார்த்தாரு. நுனியெல்லாம் கன்னங்கரேல்னு, அவன் பி.ஏ. முடிச்ச காலத்துக் கருப்பு. வேர்ப்பக்கம் வர வர நரை. நான் வெட்டினேன். வெட்ட வெட்ட வந்துச்சு. இது அவன் அப்பா செத்த வருசத்து முடி, இது மண்டபம் கிட்டங்கியான வருசத்து முடி, இது அம்மாவைத் தூக்கின வருசத்து முடின்னு என் கைக்குத் தெரிஞ்சது, எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. மீசை வந்துச்சு. தாடி வந்துச்சு. கண்ணோரத்துல சுருக்கம் விழுந்துச்சு. இருபத்தோரு வருசமா நான் வெட்டாத முடியை எல்லாம் அன்னைக்கு அரை மணி நேரத்துல வெட்டினேன், வெட்டிக்கிட்டே அழுதேன், கோமு கம்மலை வித்த அன்னைக்குக்கூட நான் அப்படி அழுததில்ல.

“வலிக்குதாய்யா?”ன்னு கேட்டேன். அப்பதான் கவனிச்சேன், தம்பின்னு கூப்பிட வாய் வரல.

“வலிக்கல அண்ணாச்சி. ரொம்ப நேரம் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு. பசிக்குது.”

மூணு சாக்கு முடி. அள்ளிக் கட்டி ஓரமா வெச்சுட்டு, கடையைச் சாத்திட்டு, அவன் கூடவே நடந்தேன். கோமுவைக் கூப்பிடப் போறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மில் கேட்டுப் பக்கம், துருப்பிடிச்ச அந்தப் பெரிய கதவுக்கு முன்னால, ஒரு தள்ளுவண்டி டீக்கடை. நடத்துறவர் தேனிப் பக்கத்து ஆளு, ஊருக்கு வந்து ஒரு மாசந்தான் ஆச்சு, அவருக்கு யாரையும் தெரியாது. அங்க போய் நின்னோம். பார்க்கிற ஆளெல்லாம் செண்பகராஜைப் பார்த்தாங்க, வாயைத் திறந்தாங்க, மூடிக்கிட்டாங்க.

ஆறரைக்குக் கம்பெனி பஸ்சு வந்துச்சு. பொம்பளைங்க கந்தக வாசத்தோட ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. கோமு இறங்கினா. அவளுக்குப் பின்னால புஷ்பம் சாப்பாட்டுப் பையோட இறங்கினா. வழக்கம் போல ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தா. அங்க ஆள் இல்ல. திரும்பினா.

அடையாளம் தெரியாமப் போகும்னு நான் நினைச்சேன். ஒரு நிமிசம்கூட ஆகல.

“கார்டு எங்க?”ன்னா.

அவன் காலியாக் கிடந்த சட்டைப்பையைத் தொட்டான்.

“கார்டு எங்கன்னு கேட்கிறேன்ல!” கையில இருந்த சாப்பாட்டுப் பையால அவன் தோள்ல அடிச்சா. தூக்குச்சட்டி உருண்டு ரோட்டுல ஓடுச்சு. “பாவி! ஒன்பது நம்பர்டா! ஆறு தடவை நின்னேனே! வெயில்ல நின்னேன், மழையில நின்னேன், எங்க அப்பா சாகக் கிடந்தப்பவும் உனக்காகப் போய் நின்னேனே! அத்தனை சீனியாரிட்டியையும் ஒரே நாள்ல தொலைச்சிட்டு வந்து நிக்கிறியே!” அடிச்சா, அழுதா, திரும்ப அடிச்சா. அவன் வாங்கிக்கிட்டே நின்னான். கோமு போய்ப் பிடிக்கப் பார்த்தா, நான் அவ கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன்.

“கம்பெனியில மூட்டை ஏத்த ஆள் எடுக்கிறாங்களாமே,”ன்னான் செண்பகராஜ். குரலும் மாறித்தான் இருந்துச்சு, கொஞ்சம் அவங்க அப்பா குரல் மாதிரி. “நாளைக்கு அஞ்சு மணி பஸ்ல எனக்கும் இடம் இருக்குமா புஷ்பம்?”

மூச்சு வாங்க அவனையே பார்த்துக்கிட்டு நின்னா. பிறகு கையை நீட்டி, அவன் பிடரியில ஒட்டியிருந்த ஒரு துண்டு முடியை எடுத்தா. பாதி கருப்பு, பாதி நரை. அதை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு, குச்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்தா. பார்த்துட்டு என் பக்கம் திரும்பி, அழுத மூக்கோட, “அண்ணாச்சி, காதுப்பக்கம் ஒண்ணு ஏறியும் ஒண்ணு இறங்கியும் இருக்கு. உங்களுக்கு வெட்டுறதே மறந்துபோச்சு”ன்னா.

மறந்துதாம்மா போச்சு, உங்க ஆளுங்க யாரு வந்தீங்க எனக்குன்னு நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல.

செண்பகராஜ் குனிஞ்சு, உருண்டு போன தூக்குச்சட்டியை எடுத்துத் தட்டி, அவ கையில குடுத்தான். குனிஞ்சு நிமிரும்போது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான். இவ்வளவு சத்தத்தையும் கண்டும் காணாத மாதிரி பாலை ஆத்திக்கிட்டிருந்த டீக்கடைக்காரர், ஓய்ஞ்சதுன்னு தெரிஞ்ச பிறகு மெல்லக் கேட்டாரு:

“அக்கா, டீ போடட்டுமா? வீட்டுக்காரருக்கும் சேர்த்தா?”

கோமு என் கையை இறுக்கிப் பிடிச்சா.

“ஆமா,”ன்னா புஷ்பம்.